டல்லஸ் என்பது யார் பெயர்? அமெரிக்க வரலாற்றில் ஏன் இவ்வளவு அடிபடுகிறது?

டல்லஸ் ஒரு குடும்பப் பெயர். அண்ணன் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் 1953 முதல் 1959 வரை அமெரிக்க வெளியுறவு அமைச்சர். தம்பி ஆலன் 1953 முதல் 1961 வரை அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் தலைவர். தாய்வழித் தாத்தாவும், தாயின் சகோதரி கணவரும்கூட முன்பே வெளியுறவு அமைச்சர்களாக இருந்தவர்கள்.

கடை வாசலில் அண்ணன் பேரம் பேச, பின்கட்டை தம்பி பார்த்துக்கொண்ட மாதிரிதான். இரண்டு துறைகளும் ஒன்றையொன்று கேள்வி கேட்க வேண்டும்; அண்ணன் தம்பிக்குள் அது எப்படி நடக்கும்? ஈரானில் 1953இலும் குவாத்தமாலாவில் 1954இலும் ஆட்சிகள் கவிழ்ந்தது இவர்கள் காலத்தில்தான். அந்த நாட்டு மக்கள் அதற்குக் கொடுத்த விலை மிகப் பெரியது. அப்புறம், 1961இல் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் சிஐஏ நடத்திய படையெடுப்பு தோற்றதும் ஆலன் பதவி இழந்தார்.

வாஷிங்டன் அருகே உள்ள டல்லஸ் விமான நிலையம் அண்ணன் பெயரில் அமைந்தது, தம்பி பெயரில் அல்ல; டெக்சாஸின் டாலஸ் நகரமோ வேறு பெயர், இந்தக் குடும்பத்தோடு தொடர்பில்லை.