புது கெர்னலும் கறுப்புத் திரையும்
பயப்படாதீங்க நண்பரே, டேட்டா எதுவும் போயிருக்காது. லினக்ஸ் கெர்னலை, அதாவது சிஸ்டத்தோட மையப் பகுதியைப் புதுசாக்கினதும் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிற கம்ப்யூட்டர்ல திரை கறுத்துப்போச்சு, கெர்னல் பதிப்போட முதல் எண்ணே மாறினதாலயான்னு கேட்டிருக்கீங்க. எண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. 2019-ல 4.20-க்கு அடுத்து 5.0 வந்தப்போ லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் சொன்ன காரணமே, எண்ணுறதுக்குக் கைவிரல் கால்விரல் தீர்ந்துபோச்சுங்கிறதுதான்! விரலை வச்சுப் பசங்க கிண்டல் பண்றது அந்தப் பேச்சைத்தான், உங்களை இல்ல.

கார்டை இயக்குற என்விடியா டிரைவர் பெரும்பாலும் கெர்னலுக்கு வெளியில இருந்து வர்ற மாட்யூல், அதாவது கெர்னலோட சேர்ற தனித் துண்டு. ஒவ்வொரு கெர்னலுக்கும் அது தனியா கம்பைல் ஆகணும், அதாவது மூல நிரல்ல இருந்து உருவாகணும். பூட் ஆகும்போது, எந்தக் கெர்னல்னு தேர்ந்தெடுக்க வர்ற கிரப் மெனுவுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்க. உள்ள போனதும் டெர்மினல்ல 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' (dkms status) அடிச்சுப் பாருங்க; டிகேஎம்எஸ்தான் கெர்னல் மாறும்போது மாட்யூலைத் தானா கம்பைல் பண்ற கருவி. புதுப் பதிப்புக்கு நேரா 'இன்ஸ்டால்டு'னு இல்லைன்னா, கம்பைல் பண்ணத் தேவையான, அந்தப் பதிப்போட ஹெடர்ஸ் பேக்கேஜ் விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதைப் போட்டுட்டு மாட்யூலை மறுபடி கம்பைல் பண்ணுங்க. அப்பவும் கம்பைல் உடைஞ்சா டிரைவர்தான் இன்னும் தயாராகல, அப்டேட் வர்ற வரைக்கும் பழைய கெர்னல்லயே ஓட்டுங்க.

'இன்ஸ்டால்டு'னு காட்டியும் கறுப்புதான்னா செக்யூர் பூட்டைச் சந்தேகப்படுங்க. அது பூட் ஆகும்போது வேலை செய்ற பாதுகாப்பு ஏற்பாடு; டிஜிட்டல் கையொப்பம் இல்லாத மாட்யூலை உள்ளயே விடாது. எல்லாம் சரியாகுற வரைக்கும் தயவுசெஞ்சு, தேவையில்லாத பேக்கேஜை நீக்குற 'ஆட்டோரிமூவ்' கட்டளையை அடிச்சுப் பழைய கெர்னலைத் தூக்கிடாதீங்க.