அடி வாங்கவா நிற்கிறான்?

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு. பள்ளி ஹேண்ட்பால் அணியில் கோல்கீப்பர். "அடி வாங்கத்தானே நிற்கிறான்" என்று என் தம்பி கேலி செய்கிறான். கோல்கீப்பருக்கும் பேர் கிடைக்குமா சார்?
– ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: அடி வாங்குவது உண்மைதான் அம்மா, மறைக்க மாட்டேன். மேலூர்ப் பக்கம் செம்மண் மைதானத்தில் பி.டி. மாஸ்டராக விசில் ஊதிய காலத்தில் தொடை சிவக்காத கீப்பரை நான் பார்த்ததில்லை. கையால் பந்தை எறிந்து கோல் போடும் இந்த ஆட்டத்தில் கீப்பருக்குக் கையுறைகூடக் கிடையாது. கோல் சட்டம் மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம். அதை உடம்பால் மறிக்க வேண்டும்.

பேர் கிடைக்குமா என்றால், ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் வோல்ஃப் என்பவரைச் சொல்கிறேன். 1991இல் பிறந்தவர், கோல்கீப்பர். 2016 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், போலந்தின் கிராகோவ் நகரில். எதிரே ஸ்பெயின். அறுபது நிமிட ஆட்டத்தில் ஒரு அணி இருபத்தைந்து கோல் போடுவது சாதாரணம். அன்று ஸ்பெயினுக்குக் கிடைத்தது 17தான்! 24–17, கோப்பை ஜெர்மனிக்கு. ஊரெல்லாம் கீப்பர் பேச்சு.

அப்புறம் ஜெர்மனியின் வெட்ஸ்லார் கிளப்பிலிருந்து அதே நாட்டின் கீல் கிளப், அங்கிருந்து போலந்தின் கியெல்ட்சே கிளப், 2024இல் மறுபடி கீல். அதே வருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி. இறுதியில் டென்மார்க் 39–26 என்று வெளுத்துவிட்டது. அதுவும் கீப்பர் வாழ்க்கையில் சேர்ந்ததுதான்.

பையனுக்கு முழுக்கால் பேன்ட்டும் அடிவயிற்றுக்குப் பாதுகாப்புக் கவசமும் வாங்கிக் கொடுங்கள். தம்பி அடுத்த முறை வந்தால் ஒரு பத்துப் பந்துக்குக் கோலில் நிற்கச் சொல்லுங்கள்.