சிட்னி விமான நிலையத்துக்கு அருகில் வீடு: பகலில் தூங்க வேண்டியவருக்குச் சில எச்சரிக்கைகள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். சிட்னி விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை கிடைத்திருக்கிறது. ஒரு வாரம் அதிகாலை நாலரைக்குத் தொடக்கம், மறு வாரம் மாலையில். கார் இல்லை. மனைவியும் இரண்டு வயது மகனும் பின்னால் வருகிறார்கள். மாஸ்காட்டா, வாலி கிரீக்கா, மாரிக்வில்லா, எங்கே வீடு எடுப்பது? பள்ளிகள் எப்படி? அக்கம்பக்கத்தில் தமிழர் உண்டா?

பள்ளியை விடுங்கள். பையன் புத்தகப் பையைத் தூக்குவதற்குள் நீங்கள் எப்படியும் வீடு மாறியிருப்பீர்கள். தமிழர்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதுவும் நீங்கள் எதிர்பார்ப்பது போல இருக்காது. எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது தூக்கத்தைப் பற்றி.

வீட்டு முகவர் உங்களிடம் முதலில் ஒன்று சொல்வார்: "இங்கே இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை விமானங்களுக்கு ஊரடங்கு, கவலையே வேண்டாம்." சொல்வது உண்மைதான். 1995இல் அதற்கென்று தனிச் சட்டமே போட்டார்கள். சில சிறிய சரக்கு விமானங்கள், அவசர மருத்துவ விமானங்கள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றபடி இரவு அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சட்டம் காப்பாற்றுவது இரவில் தூங்குகிற மனிதர்களை. நீங்கள் மூன்று மணிக்கு எழுந்து போகப் போகிறவர். மதியம் ஒன்றரைக்கு வீடு திரும்பி, குளித்துச் சாப்பிட்டு, திரையை இழுத்துவிட்டுப் படுக்கும் நேரத்தில் ஓடுபாதைகள் பரபரப்பாக இருக்கும். சாதாரணமாக ஒரு மணி நேரத்துக்கு 80 விமானங்கள் வரை ஏறி இறங்க அனுமதி. அதில் ஒரு பகுதி உங்கள் கூரைக்கு மேலாகப் போனாலே போதும். விமான நிலையத்துக்கு உழைக்கிறவர் விமானப் பாதையின் கீழ் குடியிருக்கக் கூடாது. ஊரில் வேறு யாருக்கும் இந்த விதி இவ்வளவு கறாராகப் பொருந்தாது, உங்களுக்குப் பொருந்தும்.

நான் வந்தது 1995 குளிர்காலத்தில். மூன்றாவது ஓடுபாதையை அதற்கு முந்தைய நவம்பரில்தான் திறந்திருந்தார்கள். நகரத்தில் தினமும் அதே பேச்சு, ஆர்ப்பாட்டம், சுவரெல்லாம் எதிர்ப்பு வாசகம். எனக்கு அது எதுவும் தெரியாது. விமானத்துக்குள் இருக்கைகளைத் துடைக்கும் வேலை. வேலைக்குப் பக்கத்தில் அறை வேண்டும், அவ்வளவுதான். விமான நிலையத்துக்கு வடக்கே சிடனத்தில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, அறை அறையாகப் பிரித்து உள்வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார் ஒருவர். நம்மவர்தான். அறையைக் காட்ட என்னை இரவு பதினொன்றரைக்கு வரச் சொன்னார். பகலில் தனக்கு ஓய்வே கிடைப்பதில்லை என்றார். பூனை நடக்கும் சத்தம் கேட்கும் அளவுக்கு அமைதி. பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

காலை ஆறு மணிக்குப் புரிந்தது, அவருக்கு ஏன் பகலில் ஓய்வில்லை என்று.

சத்தம் வருவதற்கு முன்பே நிழல் வரும். பின்கட்டில் துணி காயப்போடும் கம்பியின் மேல் ஓர் இருட்டு வழுக்கிக்கொண்டு போகும். அண்ணாந்தால் சக்கரங்கள், அவற்றை ஒட்டிய குழாய்கள், வயிற்றுப் பக்கத்துத் தகடுகள் வரை தெரியும். சன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் கிடுகிடுக்கும். எனக்கு முன் இருந்தவர் அட்டையை மடித்து மடித்து அந்த இடுக்குகளில் செருகி வைத்திருந்தார். நானும் கொஞ்சம் செருகினேன். பக்கத்து வீட்டுக் கிழவி வேலியோரம் நின்று பேசும்போது பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார். விமானம் போகும். விட்ட சொல்லிலிருந்து தொடர்வார், முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. வீட்டுக்குத் தொலைபேசினால் அம்மா, "என்னப்பா, சண்டை நடக்கிற இடத்துக்கா போயிருக்கிறாய்?" என்பார். தொலைபேசி அட்டையில் காசு கரைந்துகொண்டிருக்கும், நான் விமானம் போகட்டும் என்று காத்திருப்பேன்.

அந்தப் பகுதியில் சத்தம் மிகவும் கடுமையாக இருந்த வீடுகளை அரசே விலைக்கு வாங்கி இடித்துவிட்டது. இன்று அந்த இடம் பூங்கா, பெயர் சிடனம் கிரீன். அடுத்த கட்டத்தில் இருந்த வீடுகளுக்கு அரசுச் செலவில் இரட்டைக் கண்ணாடியும் கூரைக்குள் ஒலித் தடுப்பும் போட்டார்கள். அந்தச் செலவைப் பயணிகளின் கட்டணத்தில் சேர்த்து வசூலித்தார்கள். இன்றும் விளம்பரங்களில் "ஒலித்தடுப்பு செய்யப்பட்ட வீடு" என்று போடுவதைப் பார்க்கலாம். சன்னலைச் சாத்தியிருக்கும் வரைதான் அது வேலை செய்யும். ஜனவரி வெயிலில் குளிரூட்டி இல்லாத வீட்டில் சாத்திப் பாருங்கள்.

அதனால் வீடு பார்க்கும் முறையைச் சொல்கிறேன். இங்கே வாடகை வீடுகளைப் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் கால் மணி நேரம் திறந்து காட்டுவார்கள். 1997இல் கொண்டுவந்த சத்தப் பங்கீட்டுத் திட்டத்தின்படி ஓடுபாதையை எந்தத் திசையில் பயன்படுத்துவது என்பது காற்றையும் நெரிசலையும் பொறுத்து மாறும். போக்குவரத்துக் குறைந்த நேரங்களில், குறிப்பாக வார இறுதிகளில், காற்று இடம்கொடுத்தால் ஏற்றம் இறக்கம் இரண்டையும் தெற்கே பாட்டனி விரிகுடா பக்கம் திருப்பிவிடுவார்கள். ஆகவே சனிக்கிழமை நீங்கள் கேட்கும் அமைதி திங்கட்கிழமைக்கு உத்தரவாதமில்லை. தெற்குக் காற்று அடிக்கும் வார நாளில், பகல் இரண்டு மணிக்கு, நீங்கள் தூங்கப் போகும் நேரத்தில், அந்தத் தெருவில் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். தெற்குக் காற்று என்றால் விமானங்கள் வடக்கிலிருந்து இறங்கும்; லைகார்ட், பீட்டர்சம், ஸ்டான்மோர், மாரிக்வில்லின் கிழக்குப் பக்கம், சிடனம் என்று வரிசையாகத் தாழ்ந்துகொண்டே வரும். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு நிறுவனமான ஏர்சர்வீசஸ் ஆஸ்திரேலியாவின் வெப்டிராக் இணையதளத்தில் எந்த விமானம் எந்தக் கூரைக்கு மேல் எவ்வளவு உயரத்தில் போனது என்று பார்க்கலாம். எங்கள் காலத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் உள்வாடகைக்காரர் பிழைத்திருக்க மாட்டார்.

இன்னொன்று. "இந்தத் தெரு ஒலிக்கோட்டுக்கு வெளியே" என்று ஒரு வரைபடத்தை நீட்டுவார்கள். எந்த இடத்தில் விமானச் சத்தம் எவ்வளவு என்று எண்களால் காட்டும் அந்த வரைபடத்துக்கு ஏ.என்.இ.எஃப். என்று பெயர். 20க்குக் கீழ் இருந்தால் வீடு கட்டலாம், 20 முதல் 25 வரை நிபந்தனையோடு கட்டலாம், 25க்கு மேல் புதிய வீடு கூடாது என்பது கணக்கு. அது நீண்ட காலச் சராசரியை வைத்துப் போடும் கணக்கு. கோட்டுக்கு வெளியே இருப்பவருக்கும் ஒரு மோசமான பிற்பகல் முழுமையாகத்தான் வந்து சேரும்.

இனி, "அருகில்" என்றால் எதற்கு அருகில்? இதை யாரும் புதியவருக்குச் சொல்வதில்லை. பன்னாட்டு முனையம் மேற்குப் பக்கம், உள்நாட்டு முனையங்கள் கிழக்குப் பக்கம், நடுவில் ஓடுபாதை. பன்னாட்டு முனையத்தில் வேலை என்றால் வாலி கிரீக்கிலிருந்து குக்ஸ் ஆற்றைத் தாண்டி அரை மணி நேரத்தில் நடந்தே போய்விடலாம். உள்நாட்டு முனையம் என்றால் மாஸ்காட். எதிர்ப் பக்கத்தில் வீட்டை எடுத்துவிட்டு, வரைபடத்தில் பக்கம்தானே என்று அதிகாலையில் சுற்றிக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்த முனையம், எந்த வாயில் என்று மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

ரயிலை நம்பி வீடு எடுக்க வேண்டாம். நள்ளிரவு தாண்டி ஏறத்தாழ ஒன்று, ஒன்றரைக்குப் பிறகு நாலு, நாலரை வரை ரயில் கிடையாது, இரவு பஸ்தான். நாலரைக்கு வேலை தொடங்குகிறவருக்கு ரயில் நிலையம் வாசலிலேயே இருந்தும் என்ன பயன்? ரயில் ஓடும் நேரத்திலும் முனையத்து நிலையங்களில் இறங்கினால் வழக்கமான கட்டணத்தோடு நிலைய நுழைவுக் கட்டணம் என்று ஒரு வழிக்கு 15 டாலருக்கு மேல் பிடிப்பார்கள். வாரத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது என்றாலும் அது வயிற்றெரிச்சல்தான். மாஸ்காட், கிரீன் ஸ்குவேர் நிலையங்களில் இந்தக் கட்டணத்தை 2011இல் எடுத்துவிட்டார்கள். வாலி கிரீக்கில் அது கிடையாது. விவரம் தெரிந்தவர்கள் 420ஆம் எண் பஸ்ஸில் ஏறுவார்கள். பர்வுட்டிலிருந்து ராக்டேல் வழியாக விமான நிலையத்துக்குள் நுழைந்து மாஸ்காட் வரை போகும் பஸ் அது. சாதாரண பஸ் கட்டணம்தான்.

என் தேர்வைக் கேட்டால், ராக்டேலின் தெற்குப் பக்கமும் கோகராவும். பிரதான ஓடுபாதைகளுக்கு அவை பக்கவாட்டில் இருக்கின்றன. கிழக்கு மேற்கு ஓடுபாதையின் நேர்கோடு பாங்சியா, பெக்ஸ்லி பக்கமாகப் போகிறது, அந்தக் கோட்டை மட்டும் தவிருங்கள். ராக்டேலிலிருந்து பன்னாட்டு முனையத்துக்கு ஒரு பழைய சைக்கிள் போதும். மூன்றரை மணிக்குச் சாலையில் உங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். நான் பல ஆண்டுகள் அப்படித்தான் போனேன். கையுறையும் நல்ல விளக்கும் வாங்கிக்கொள்ளுங்கள், காரைப் பிறகு பார்க்கலாம்.

மாஸ்காட் நிலையத்தைச் சுற்றியுள்ள உயரமான புதிய குடியிருப்புகள் பார்க்க அழகாக இருக்கும். 2019 ஜூனில் அங்கே மாஸ்காட் டவர்ஸ் என்ற பத்து மாடிக் கட்டடத்தில் விரிசல் கண்டு, குடியிருந்தவர்களை ஒரே இரவில் வெளியேற்றினார்கள். திரும்பிப் போகவே முடியாமல் போனது. வாடகைக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம், வாங்கியவர்கள் பாடுதான் கொடுமை. புதிய கட்டடம் என்றாலே வாய் பிளக்கும் நம்மவர்களுக்காகச் சொல்கிறேன்.

நம்மவர்கள் என்றதும் அந்தக் கேள்வி. வென்ட்வொர்த்வில், டூங்கேபி, பெண்டில் ஹில், வெஸ்ட்மீட், ஹோம்புஷ் என்று தமிழர் கூடி வாழும் பகுதிகள் எல்லாம் மேற்கே. பலர் உங்களை அங்கே வரச் சொல்வார்கள், அன்பாகத்தான் சொல்வார்கள். பரமட்டாவில் அலுவலக வேலை பார்க்கிறவருக்கு அது சொர்க்கம். அதிகாலை நாலரைக்கு விமான நிலையத்தில் நிற்க வேண்டியவர் வென்ட்வொர்த்வில் பக்கத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கார் ஓட்ட வேண்டும், நேரம் மிச்சம் பிடிக்க நினைத்தால் சுரங்கச் சாலைகளுக்குச் சுங்கமும் கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், பேசுங்கள், திரும்பி வந்து தூங்குங்கள்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறீர்கள் என்று தெரிந்துவிட்டால் அவர்களே உங்களைத் தேடி வருவார்கள். இதற்குத் தயாராக இருங்கள். "ஆறு வாரம் ஊருக்குப் போகிறோம், காரை உங்கள் வாசலில் விட்டுப்போகலாமா?" என்பார்கள். அவர்களுடைய நண்பரின் நண்பரும் கேட்பார். என் வீட்டு முன்னால் ஒருமுறை மூன்று கார்கள் நின்றன, ஒன்று யாருடையது என்று எனக்கே தெரியாது. எதிர்வீட்டுக்காரர் மாநகரசபைக்குப் புகார் எழுதினார். காலை ஆறரை மணி விமானத்துக்கு முந்தைய இரவே குடும்பத்தோடு வந்து கூடத்தில் படுத்துக்கொள்பவர்கள் வேறு. இவர்களில் யாரும், இரவுப் பணி முடித்து நான் பகலில் தூங்கும்போது, அழைப்பு மணியை அடிக்காமல் இருந்ததில்லை. முதல் ஆளிடமே முடியாது என்று சொல்லிப் பழகுங்கள். கோபித்துக்கொள்வார்கள், போகட்டும்.

"சிட்னியின் மேற்கே பாட்ஜரிஸ் கிரீக்கில் புதிய விமான நிலையம் வருகிறது, அதற்குப் பக்கத்து ஆஸ்ட்ரலில் இப்போதே மனை வாங்கிப் போடு" என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த விமான நிலையத்துக்கு இரவு ஊரடங்கே கிடையாது, 24 மணி நேரமும் இயங்கும் என்பதை அவர் சொன்னாரா? வாங்கும் காலம் வரும்போது, விற்பனை ஒப்பந்தத்தோடு, அந்த மனைக்கு என்னென்ன விதிகள் பொருந்தும் என்று காட்டும் 10.7 திட்டமிடல் சான்றிதழ் இருக்கும். அதையும் புதிய விமானப் பாதைகளின் வரைபடத்தையும் வழக்கறிஞரோடு உட்கார்ந்து வாசியுங்கள். இன்று உங்களுக்கு அந்தப் பேச்சு தேவையில்லை.

இன்று தேவையானது ஏசிக் அட்டை. விமானப் பாதுகாப்பு அடையாள அட்டையைத்தான் எல்லோரும் அப்படிச் சொல்கிறார்கள். பின்னணிச் சோதனை முடிந்து அது கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை ஓடுதளப் பக்கம் தனியாகப் போக முடியாது, வேலையும் முழுதாகத் தொடங்காது. அட்டையும் பணிநேரப் பட்டியலும் கைக்கு வரும் முன் ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தக் காலத்தில் கால் பங்கு முடிவதற்குள் விலகினால் நாலு வார வாடகை தண்டம். முன்பணமும் நாலு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது; அதை வீட்டுக்காரர் பையில் போட்டுக்கொள்ள முடியாது, மாநில அரசின் ஃபேர் டிரேடிங் துறையில் கட்ட வேண்டும். கட்டியதற்கான எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை ராக்டேல் பக்கம் வார வாடகைக்கு ஓர் அறை பாருங்கள். இரவில் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், பகலில் வருகிறேன் என்று சொல்லுங்கள்.