நம்பாவிட்டால் நரகம் என்றால், அது என்ன சுதந்திரம்?

"நம்புவது உன் இஷ்டம், ஆனால் நம்பாவிட்டால் நரகம்" என்பது கழுத்தில் கத்தியை வைத்துக் கேட்பது போல இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

லூக்கா 15-இல் வரும் கெட்ட குமாரன் கதையைப் பாருங்கள். இளைய மகன் பங்கு கேட்கிறான். அப்பா சொத்தைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார், தடுக்கவில்லை. (நம் ஊரில் இதற்கே பஞ்சாயத்து கூடியிருக்கும்.) பணத்தை அழித்தபின் பஞ்சம் வந்து பன்றித் தீவனத்துக்கு ஏங்குகிறான். அந்தப் பட்டினி அப்பா கொடுத்த தண்டனை அல்ல, வீட்டை விட்டுப் போனதன் விளைவு. கத்தோலிக்க மறைக்கல்வியும் நரகத்தை, மனிதன் தானே தேடிக்கொள்ளும் பிரிவு என்றுதான் விளக்குகிறது. தன் தவறின்றி நற்செய்தியை அறியாதவர்களும் மீட்படையலாம் என்று 1964-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது.

சரி, எல்லாரும் இப்படியே சொல்கிறார்களா? இல்லை. மீட்கப்படுபவர்களைக் கடவுள் முன்பே தெரிந்தெடுத்துவிட்டார் என்றார் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வின். மனிதன் கடவுள் தரும் மீட்பின் அருளை ஏற்கவோ மறுக்கவோ முடியும் என்றார் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி. எனக்கு வெஸ்லி சொல்வதுதான் மனதுக்கு ஒப்புகிறது.

வேடிக்கை என்னவென்றால், கால்வின் வழிவந்த பிரஸ்பிட்டேரியன் மரபும் வெஸ்லியின் மெதடிஸ்ட் மரபும் ஆங்கிலிக்கன் மரபோடு சேர்ந்துதான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆனது. 1947 செப்டம்பர் 27, நம் சென்னை கதீட்ரல் சாலை புனித ஜார்ஜ் பேராலயத்தில்.