வாசகர் கேள்வி பதில்: தனி அறையில் பூட்டுவது மருந்தல்ல

என் மகனுக்கு 16 வயது. ஒரு வழக்கில் சிக்கி இரண்டு மாதமாக நன்னடத்தை இல்லத்தில் இருக்கிறான். போன கிழமை பார்க்கப் போனபோது இடது கையில் வரிவரியாகக் கீறல் கண்டேன். கேட்டால் கம்பி கிழித்தது என்கிறான். அழுகை தாங்காமல் ஏசிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த முறை என்ன பேசுவது?
– தாய் ஒருவர், வாழைச்சேனை

ஏசியதை நினைத்து உங்களையே வதைக்காதீர்கள், அம்மா. பயத்தில் வந்த ஏச்சு அது. அடுத்த முறை போனதும் அதைத்தான் முதலில் சொல்லுங்கள்: "அண்டைக்கு ஏசிப்போட்டன் மனே, பயத்திலதான். இனி ஏசமாட்டன்."

கையைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டாம். "மனசு தாங்காம நீயாத்தான் கீறினியா?" என்று தணிந்த குரலில் கேளுங்கள். ஆம் என்றால் அடுத்த கேள்வியையும் கேட்கத்தான் வேண்டும்: "செத்துப்போகோணும் எண்டு நினைப்பு வருதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. யாரும் கேட்காததால் அடக்கி வைத்திருந்ததைச் சொல்ல வழி கிடைக்கிறது, அவ்வளவுதான். கீறும் எல்லாப் பிள்ளைகளும் சாக நினைப்பதில்லை. தாங்க முடியாத பதற்றத்தைச் சற்று நேரம் தணிக்கவே பலர் கீறுகிறார்கள். ஆனால் கேட்காமல் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

"ஆருக்கும் சொல்லாதீங்க" என்று கெஞ்சுவான். அந்த வாக்கை மட்டும் கொடுக்காதீர்கள். "உனக்கு உதவக்கூடிய ஆளிட்ட மட்டும் சொல்லுவன்" என்று சொல்லிவிட்டு, அன்றே இல்லப் பொறுப்பாளரிடம் பேசுங்கள். மனநல வைத்தியரிடம் அனுப்பும்படி கடிதமாக எழுதி, திகதி போட்டுக் கொடுங்கள். ஒரு பிரதி நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் போகட்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

சந்திப்பு நேரம் முழுவதையும் வழக்குப் பேச்சு தின்றுவிட விடாதீர்கள். ஆனால் அடுத்த தவணை எப்போது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்; தள்ளிப்போயிருந்தால் எந்தத் திகதிக்கு என்றும் சொல்லுங்கள். எப்போது முடியும் என்று தெரியாமல் இருப்பதுதான் உள்ளே இருக்கும் பிள்ளையை அதிகம் அரிக்கிறது. வழக்கறிஞர் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். புறப்படும்போது "ஞாயிறு வாறன்" என்று சொன்னால் ஞாயிறு போயே ஆகவேண்டும். பஸ்ஸுக்குக் காசு கிடைக்குமா என்று சந்தேகமிருந்தால் அந்த நாளைச் சொல்லாதீர்கள். காத்திருந்து ஆள் வராத பின்னேரம் மிகவும் ஆபத்தான பொழுது.

நான் ஓர் இல்லத்தில் பணியாற்றுகிறேன். தன்னைக் காயப்படுத்தும் பிள்ளையை மற்றவர்கள் பார்த்துப் பழகாமல் இருக்கத் தனி அறையில் விடுகிறோம். கவனம் வேண்டித்தான் செய்கிறான் என்கிறார்கள் சக ஊழியர்கள். இது சரியா?
– அம்பாறை மாவட்டம்

சரியில்லை. சுதந்திரம் பறிக்கப்பட்ட சிறுவர்களின் பாதுகாப்புக்கான 1990ஆம் ஆண்டு ஐ.நா. விதிகள் தனிமைச் சிறையையும், தண்டனையாக உணவைக் குறைப்பதையும், குடும்பத்தாரைப் பார்க்க விடாமல் தடுப்பதையும் விலக்குகின்றன. விதியை விடுங்கள், காரணத்தைப் பாருங்கள். பூட்டிய அறையில் அந்தப் பிள்ளைக்குத் துணையாக இருப்பது அவனைக் கீறவைத்த அதே எண்ணம் மட்டும்தான். அடுத்த முறை அவன் உங்களுக்குத் தெரியாத இடத்தில் கீறுவான். கச்சான் காற்று அடிக்கிற வெக்கையிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத பிள்ளை உங்கள் இல்லத்தில் இருந்தால் கவனியுங்கள்.

கவனம் வேண்டித்தான் செய்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் கவனத்தைக் கொடுங்கள். காயத்துக்குப் பிறகு மட்டும் கொடுத்தால் போதாது; சும்மா இருக்கிற நாளிலும் பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து பேசுங்கள்.

காயம் கண்டவுடன் சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்த்தால் இரத்தம் நிற்காது. நின்ற பின் ஓடும் நீரில் கழுவுங்கள். ஆழமாக இருந்தாலோ, இரத்தம் நிற்காவிட்டாலோ, ஏதாவது விழுங்கியிருந்தாலோ அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போத்தலையோ மாத்திரை அட்டையையோ கூடவே கொண்டுபோங்கள். அந்த நேரத்தில் "ஏன் செய்தாய்?" வேண்டாம். "நான் இருக்கிறன்" போதும்.

பிறகு கண்காணிப்பு. சாக வேண்டும் என்று சொன்ன பிள்ளையைத் தனியே விடக்கூடாது, ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அந்த அளவுக்கு இல்லாத பிள்ளையை 15 நிமிடத்துக்கு மேல் இடைவெளி விடாமல் பாருங்கள், ஆனால் மணி அடித்தாற்போல் ஒரே ஒழுங்கில் போகாதீர்கள். பிள்ளைகள் நேரத்தைக் கணக்குப் பண்ணிவிடுவார்கள். உள்ளே வந்த முதல் நாளும் முதல் கிழமையும், நீதிமன்றம் போய்வந்த இரவு, இடமாற்றம், வீட்டில் மரணச் செய்தி: இவற்றை முன்கூட்டியே குறித்து வையுங்கள். பொடியன்களின் மன உளைச்சல் பெரும்பாலும் அழுகையாக வராது. கோபமாக, வயிற்றுவலியாக, நித்திரையின்மையாக, படுக்கையில் சிறுநீர் போவதாக வரும். அதைக் கேலி செய்கிற வாயை முதலில் அடக்குங்கள், அது ஊழியரின் வாயாக இருந்தாலும்.

பணி மாறும்போது பதிவேட்டில் "நன்றாக இருந்தான்" என்று எழுதினால் இரவுக் கடமைக்கு வருபவருக்கு ஒன்றும் விளங்காது. "மத்தியானச் சோறு தொடவில்லை. 4 மணிக்கு உம்மா வரவில்லை. கரம் விளையாடவில்லை, யன்னலடியில் இருந்தான்" என்று எழுதுங்கள். இந்த மூன்று வரி ஓர் உயிரைக் காக்கும்.

"இனிச் செய்யமாட்டேன்" என்று கையெழுத்து வாங்காதீர்கள். அது ஒளிக்கத்தான் பழக்கும். பதிலாக ஒரு சிறு அட்டையில் அவனே எழுதட்டும்: மனம் கொதிக்கத் தொடங்குவது எப்படித் தெரியும், அப்போது தானாக என்ன செய்யலாம், எந்த ஊழியரைக் கூப்பிடலாம். எழுதத் தெரியாதவன் படம் வரையட்டும். மற்றப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பிரசங்கம் வேண்டாம், ஒவ்வொருவராகப் பேசுங்கள்.

சிங்களம் மட்டும் பேசும் இடத்துக்கு மாற்றப்படும் தமிழ் பேசும் பிள்ளையின் நிலைமை இன்னும் கடினம். வயிறு வலிக்கிறது என்று சொல்லக்கூட ஆள் இல்லை. இடமாற்றக் கடிதத்தோடு அவனுடைய பழைய காயங்கள், மருந்து, அட்டை எல்லாம் போகட்டும். அவன் போய்ச்சேரும் அன்றே அங்குள்ளவரோடு போனிலும் பேசுங்கள்.

இல்லத்தில் இருக்கும் பிள்ளைமீது, தற்கொலைக்கு முயன்றான் என்று இன்னொரு வழக்கும் போடுவார்களா?
– காத்தான்குடி

இல்லை. தற்கொலை முயற்சி இலங்கையில் 1998இலிருந்து குற்றமல்ல. வழக்கு வரும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்காதீர்கள்.

தம்பியின் மகன் அடுத்த கிழமை விடுதலையாகி எங்கள் வீட்டுக்கு வருகிறான். உள்ளே இரண்டு தடவை தன்னைக் காயப்படுத்தியிருக்கிறான். எங்களுக்கு வயல் இருக்கிறது.
– பெரியப்பா, அக்கரைப்பற்று

வயலைச் சொன்னது நல்லது. களைநாசினி, கிருமிநாசினி எதுவும் அவன் வரும் முன்பே வீட்டைவிட்டுப் போகட்டும். நம்பிக்கையான ஒருவரின் பூட்டுள்ள களஞ்சியத்தில் வையுங்கள். திறப்பும் உங்கள் வீட்டில் இருக்க வேண்டாம். வீட்டிலுள்ள மாத்திரைகளும் பூட்டுக்குள் போகட்டும். அந்த எண்ணம் உச்சத்தில் நிற்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் அது தணிய நேரம் கிடைக்கிறது.

வெளியே வந்த முதல் கிழமைகள் ஆபத்தானவை. எல்லாரும் சந்தோசமாக இருக்கும்போது தனக்கு மட்டும் நித்திரை வராததை அவன் சொல்லமாட்டான். விருந்து, சொந்தக்காரர் கூட்டம் எல்லாம் பிறகு பார்க்கலாம். இரவில் அவனோடு ஒரே அறையில் யாராவது படுங்கள். அவசரமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கோ, சிறுவருக்கான 1929க்கோ அழைக்கலாம்.

இல்லத்திலிருந்து கூட்டிவரும்போது கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்குங்கள். மருந்து எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முடியுமுன் வரும் கிளினிக் நாள் எது என்று அங்கேயே கேட்டு, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுவித்துக்கொண்டு புறப்படுங்கள்.