நரம்பு விஞ்ஞானப் பேராசிரியர் ஒருவரின் மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்து அவரிடம் கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாமா?

கேட்டவர் முல்லைத்தீவுத் தங்கச்சி. மூளைக்கு மருந்து கொண்டுசெல்வதை ஆராயும் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்கொலர் தளத்தில் 9,000 மேற்கோள் (மற்றவர்களின் கட்டுரைகள் அவருடையதைச் சுட்டிய தடவைகள்), எச்-சுட்டெண் 41, இவரை நம்பலாமா என்கிறார்.

அந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், ஆனால் அந்தத் தளத்தில் அவருடைய பெயருக்குக் கீழே வரும் கட்டுரைப் பட்டியலை ஆறுதலாக இருந்து வாசித்தால் ஆள் யாரென்று விளங்கும். நான் கிளிநொச்சியில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன், வெளியே விண்ணப்பிக்கிற பிள்ளைகளோடு சேர்ந்து இப்படிப் பட்டியல்கள் பார்ப்பது வழக்கம்.

எச்-சுட்டெண் 2005ல் ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் முன்வைத்தது. 41 என்றால் அவருடைய 41 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 41 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. வருடம் போகப் போக அது ஏறும், இறங்காது, ஆகவே முப்பது வருடம் ஆராய்ச்சி செய்தவரையும் நேற்று ஆய்வுகூடம் தொடங்கியவரையும் இதை வைத்து ஒப்பிடக் கூடாது. ஸ்கோபஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் தேடினால் அதே ஆளுக்கு எண் குறைவாக வரும், கூகுள் ஆய்வேடுகளையும் முன்பதிப்புகளையும் (இதழில் வருமுன்பே வெளியிடும் கட்டுரைகள்) சேர்த்து எண்ணுவதுதான் காரணம்.

அப்புறம் அதிக மேற்கோள் பெற்ற முதல் ஐந்து கட்டுரைகளைத் திறவுங்கள். ஐந்தும் மற்றவர்களின் வேலையைத் தொகுத்த மீளாய்வுக் கட்டுரைகளா, அவருடைய சொந்தப் பரிசோதனைகளா? மருந்தை நுண்துகள்களில் வைத்து உடலுக்குள் அனுப்பும் இந்தத் துறையில் மீளாய்வுகள் மேற்கோளை அள்ளும். அவை பயனுள்ளவைதான், ஆனால் உங்களுக்குப் பரிசோதனை பழக்கப்போகிறவரின் கைவேலை அதில் தெரியாது.

பரிசோதனைக் கட்டுரை கிடைத்தால் ஒரே கேள்வி: ஏற்றிய மருந்தில் எவ்வளவு உள்ளே போனது? போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டியவர்களுக்கு குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை விளக்கத் தேவையில்லை, உரிய பாஸ் இல்லாத எதையும் அது விடாது. பார்க்கின்சன் நோய்க்கு டோபமீனையே கொடுத்தால் அது மூளைக்குள் போகாது, அதனால் லெவோடோபா கொடுக்கிறார்கள், அது அமினோ அமிலங்களைக் கடத்தும் வழியால் உள்ளே போய் அங்கே டோபமீனாக மாறுகிறது. வெளியிலேயே மாறிவிடாமல் தடுக்கக் கார்பிடோபாவும் சேர்ந்த குளிசையைத்தான் என் பெரியப்பா கிளினிக்கில் எடுத்து விழுங்குகிறார். அவருடைய கை நடுக்கம் அடங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் இந்தத் துறையில் எங்கட பிள்ளை ஒருத்தி நிற்க வேண்டும் என்று நினைப்பேன். முதுகில் ஷெல் துண்டோடு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் இருக்கிறவர்கள் வன்னியில் எத்தனை ஊரில் இருக்கிறார்கள், நரம்பு ஆராய்ச்சி எங்களுக்குத் தூரத்து விஷயமே இல்லை.

மூளைக்கு வெளியேயும் இது லேசில்லை. 2016ல் டொரொன்டோ ஆய்வாளர்கள் பத்து வருடக் கட்டுரைகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஏற்றிய நுண்துகள்களில் புற்றுக்கட்டியைச் சென்றடைந்தது இடைநிலையாக 0.7 சதவீதம்தான். ஆகவே எலியில் எத்தனை சதவீதம் போனது, எந்த இடத்தில் அளந்தார் என்று வெளிப்படையாக எழுதுகிறவரை நான் மதிப்பேன், அவருக்கு மேற்கோள் 300 தான் என்றாலும்.

மேற்கோள் கூடினால் முடிவு சரி என்றும் இல்லை. 2006ல் நேச்சர் இதழில் வந்த அல்சைமர் கட்டுரை ஒன்று 2,000 தடவைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்ட பிறகு, படங்களில் மாற்றம் செய்த அடையாளங்கள் இருந்ததால் 2024ல் மீளப்பெறப்பட்டது. அதனால் அவருடைய கட்டுரைகளில் ஏதாவது மீளப்பெறப்பட்டதா என்றும் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் பாருங்கள்.

தமிழ்ப் பெயருள்ள ஆய்வாளராக இருந்தால் இன்னொரு கவனம். தகப்பன் பெயர் ஒரு கட்டுரையில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் வெறும் முதலெழுத்து, இப்படி ஒருவருடைய வேலை இரண்டு மூன்று பக்கமாகப் பிரிந்து கிடக்கும், வேறொருவருடையது வந்து கலக்கவும் செய்யும். ஓர்கிட் எண் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண்) இருந்தால் அதை வைத்துத் தேடுங்கள். நீங்களும் முதல் கட்டுரைக்கு முன்பே ஒன்று எடுத்துவிடுங்கள், இலவசம்.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமானது: இந்தத் துறையில் முதல் பெயர் பெரும்பாலும் வேலை செய்த மாணவருடையது, கடைசிப் பெயர் ஆய்வுகூடத் தலைவருடையது. கடந்த ஐந்து வருடத்தில் அவருடைய மாணவர்கள் முதல் பெயராக வந்திருக்கிறார்களா, இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று தேடி, அவர்களில் ஒருவருக்கு மின்னஞ்சல் போடுங்கள். அந்த முதல் ஐந்து கட்டுரைகளின் தலைப்பை இங்கே கீழே எழுதினால் நானும் வாசித்துச் சொல்கிறேன்.