மெனோனைட் விவசாயி ஒருவர் எப்படி வாழ்ந்தார், எப்படி இறந்தார்? உண்மையில் வாழ்ந்த ஒருவரை வைத்துச் சொல்ல முடியுமா?

சொல்லலாம். யோஹான் கோர்னீஸை எடுத்துக்கொள்கிறேன். 1789இல் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவில் டான்சிக் நகரத்துக்குப் பக்கத்தில் பிறந்து, 1848 மார்ச்சில் இன்றைய தெற்கு உக்ரைனில், மொலோச்னா ஆற்றங்கரையில் ஓர்லோஃப் என்ற ஊரில் 58 வயதில் இறந்தவர். போதகரும் இல்லை, சபையில் எந்தப் பதவியும் வகிக்கவில்லை. விவசாயி, ஒரு மனைவி, ஒரு மகன், ஒரு மகள். நூல்களில் இவரைப் பெரிய நிர்வாகியாகத்தான் காட்டுவார்கள். என் பார்வையில் அவர் முதலில் ஈரத்தைக் காப்பாற்றத் தெரிந்த உழவர். அங்கிருந்து தொடங்கினால்தான் மற்றதெல்லாம் புரியும்.

மெனோனைட் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 16ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தில் மென்னோ சைமன்ஸ் என்ற பாதிரியார் வழி வந்த கிறிஸ்தவர்கள். வயது வந்து, தானே விசுவாசத்தை அறிக்கையிட்ட பிறகுதான் ஞானஸ்நானம். ஆயுதம் எடுப்பதில்லை, சத்தியப் பிரமாணம் செய்வதில்லை. அங்கிருந்து பிரஷ்யாவுக்குப் போயிருந்த இவர்கள் நிலம் வாங்குவதற்குத் தடைகள் வந்தபோது, படைச்சேவை கிடையாது என்ற வாக்குறுதியோடு ரஷ்யப் பேரரசு அழைத்தது. கோர்னீஸ் குடும்பம் 1804இல் கிளம்பி, 1806இல் ஓர்லோஃபில் குடியேறியது. குடும்பம் ஒன்றுக்கு 65 தெஸ்யாதினா நிலம், அதாவது ஏறத்தாழ 71 ஹெக்டேர், 175 ஏக்கர். ஒரு நிபந்தனை: அதைப் பிரிக்கக் கூடாது. இந்த நிபந்தனை சாவு வீட்டில்தான் கடிக்கும். பிறகு வருகிறேன்.

அது மரமில்லாத புல்வெளி. மழை ஆண்டுக்குச் சுமார் 400 மில்லிமீட்டர். கிழக்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்று பால் பிடிக்கும் பருவத்தில் கதிரைக் கருக்கிவிடும். விறகு இல்லாததால் சாணமும் வைக்கோலும் சேர்ந்த எருவை முற்றத்தில் பரப்பி, குதிரைகளை விட்டு மிதித்து, செங்கல் போல வெட்டிக் காயவைத்து எரித்தார்கள். நம்முடைய வரட்டிதான், வடிவம் மட்டும் வேறு. எரு அடுப்புக்குப் போனால் வயலுக்கு என்ன மிஞ்சும்?

இளம் கோர்னீஸ் ஒரு வருடம் மாவு ஆலையில் கூலி வேலை செய்தார். பிறகு சில ஆண்டுகள் வெண்ணெய், பன்றி இறைச்சி போன்ற பண்ணைப் பொருள்களை வண்டியில் ஏற்றி சிம்ஃபெரோபோல், செவஸ்தபோல் சந்தைகளில் விற்றார். 1811இல் ஆக்னஸ் கிளாசனை மணந்து, அடுத்த ஆண்டு ஓர்லோஃபில் பண்ணை வாங்கினார். யுஷான்லே ஓடைக்கரையில் அரசுப் புல்வெளியைக் குத்தகைக்கு எடுத்துச் செம்மறி ஆடு வளர்த்தார். பணம் அதிலிருந்துதான் வந்தது. கோதுமை மூட்டையை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மாட்டு வண்டியில் கொண்டுபோனால் வண்டிக் கூலியே விலையைத் தின்றுவிடும். கம்பளி எடை குறைவு, விலை அதிகம், கெடாது. துறைமுகம் தொலைவில் இருக்கும்வரை புல்வெளிக்கு ஆடுதான் சரியான பயிர்.

அவர் வளர்த்தது மெரினோ கலப்பு. மெரினோ என்பது மெல்லிய ரோமத்துக்குப் பேர்போன செம்மறி இனம். முரட்டு ரோமமுள்ள உள்ளூர்ப் பெட்டை ஆட்டோடு தூய மெரினோ கிடாவைச் சேர்த்தால் குட்டியில் மெரினோ பங்கு பாதி. அந்தப் பெட்டைக் குட்டியை மறுபடியும் தூய கிடாவோடு சேர்த்தால் முக்கால், அடுத்து எட்டில் ஏழு. நான்கு தலைமுறையில் பதினாறில் பதினைந்து பங்கு வந்துவிடும். செலவை மிச்சம்பிடிக்க வீட்டில் பிறந்த பாதிக் கலப்புக் கிடாவையே மந்தையில் விட்டால் எல்லாம் வீண்: ரோமத்தின் நயம் ஆட்டுக்கு ஆடு மாறும், முரட்டு முடி திரும்ப எட்டிப்பார்க்கும், வியாபாரி மொத்தக் கம்பளியையும் மட்டமான தரத்தில் சேர்த்துவிடுவார். கோர்னீஸ் நல்ல கிடாவுக்காகத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க் வரை போனார், பிறகு சாக்ஸனிக்கும் போனார். தரமான கிடாவுக்குச் செலவழித்த பணம் வீணாகாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ரோமம் கத்தரித்த வாரத்தில் குளிர்மழை பிடித்தால் ஆடுகள் கூட்டமாகச் சாகும் என்பதால், கொட்டகை பக்கத்தில் இருக்கும்போதுதான் கத்தரிப்பு. சொறி கண்ட ஆட்டை அன்றே பிரிக்க வேண்டும்; ஒன்றை விட்டுவைத்தால் மந்தை முழுக்க ரோமம் உதிரும்.

1830களில் அஸோவ் கடற்கரையில் பெர்டியான்ஸ்க் துறைமுகம் திறந்ததும் கணக்கு மாறியது. இனி கோதுமை லாபம் தரும். ஆனால் 1833இன் வறட்சியில் விளைச்சல் பொய்த்திருந்தது. மழையை நம்பி மட்டும் விதைக்க முடியாது என்பது ஊருக்கே தெரிந்துபோயிற்று. உழுது வைத்த தரிசு முறையை அவர் ஊர்களுக்குள் கொண்டுவந்தது இந்தச் சூழலில்தான்.

நிலத்தை நான்காகப் பிரிப்பார்கள். மூன்று பங்கில் கோதுமை, பார்லி, ரை அல்லது ஓட்ஸ். நான்காவது பங்கு ஓர் ஆண்டு முழுக்கப் பயிரில்லாமல் கிடக்கும், ஆனால் சும்மா கிடக்காது. முதலில் ஆழ உழுது கட்டியோடு போட்டுவிட வேண்டும். இலையுதிர் காலத்திலேயே உழுதால் இன்னும் நல்லது, கட்டிகளுக்கு நடுவே பனி தங்கி அங்கேயே உருகி இறங்கும். வசந்தத்தில் மேல்மண் சாம்பல் நிறமாக உலரத் தொடங்கும் நாளில் இரும்புப் பல் வைத்த பரம்பை ஓட்ட வேண்டும். அதன் பிறகு கோடை முழுக்க, ஒவ்வொரு மழைக்குப் பின் பொருக்கு தட்டும்போதும், களை இரண்டு இலை விடும்போதும், மேலாக ஐந்து ஆறு சென்டிமீட்டர் மட்டும் கிளற வேண்டும்.

ஏன் இவ்வளவு பாடு? புல்வெளியில் ஈரத்தைத் திருடுவது வெயிலைவிடக் களைதான். ஒரு மீட்டர் ஆழத்து நீரை வேர் உறிஞ்சி இலை வழியாக விட்டுவிடும். வெறும் மண் மேலாக உலர்ந்து பொடியாகிவிட்டால், அந்தப் பொடியே மூடிபோல நின்று அடி ஈரத்தைப் பிடித்துவைக்கும். கிளறிய மண்ணில் பழைய வேரும் தாளும் மக்கி, அடுத்த பயிருக்குத் தழைச்சத்தும் சேரும். எரு அடுப்புக்குப் போன ஊரில் இது சிறிய விஷயமில்லை. பெய்த மழையில் கால் பங்கு மண்ணில் நின்றாலே நல்ல தரிசு. குறைவாகத் தோன்றும்; ஆனால் 80 மில்லிமீட்டர் நின்றால் ஹெக்டேருக்கு எட்டு லட்சம் லிட்டர். மே மாதம் வானம் ஏமாற்றினாலும் பயிர் தாக்குப்பிடிக்க அது போதும்.

நம்மூர்க் கோடை உழவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கோடை உழவு சில வாரங்கள். இது முழு ஆண்டு. தவறுகளும் வேறு. ஒரு தடவை உழுதுவிட்டுக் களையை வளரவிட்டால் அது தரிசே இல்லை, மேய்ச்சல் நிலம். ஓர் ஆண்டு விளைச்சலும் போய் ஈரமும் போகும். ஒவ்வொரு முறையும் ஆழமாகக் கிளறினால் அடி ஈரம் மேலே வந்து காற்றோடு போகும். மாவாகப் பொடித்துவிட்டால் புயல்காற்று மேல்மண்ணையே தூக்கிக்கொண்டு போய்விடும். பல தலைமுறை இப்படியே செய்தால் மண்ணின் மக்குச்சத்து தேய்ந்துபோகும். கோர்னீஸ் காலத்தில் புதுமண் என்பதால் இந்தக் கடைசிக் குறை யார் கண்ணிலும் படவில்லை.

காற்றுக்கு எதிராக மரங்கள். 1830இல் அரசு மரம், தோட்டம், பட்டு வளர்ப்புக்காக ஒரு சங்கத்தை நிறுவி அவரை ஆயுள் தலைவராக்கியது. 1836இல் அது விவசாயச் சங்கமாக விரிந்தது. ஒவ்வொரு பண்ணையும் பழத்தோட்டத்தோடு அரை தெஸ்யாதினா காட்டு மரமும் வளர்க்க வேண்டும், வேலிக்கு மல்லிகைச் செடியெல்லாம் இல்லை, முசுக்கொட்டை. இலை பட்டுப்புழுவுக்கு, புதர் காற்றுக்கு. வறண்ட புல்வெளியில் குழி தோண்டி மரம் நட்டால் பிழைக்காது. சுற்றியுள்ள புல் குழியின் ஈரத்தை இழுத்துவிடும். நிலம் முழுவதையும் முந்தைய ஆண்டே ஆழ உழுது தரிசாக வைத்து, பிறகு வரிசையாக, நெருக்கமாக நட வேண்டும். கிளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிழல் மூடும்வரை வரிசைகளுக்கு நடுவே களை கொத்துவதை நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு ஆண்டு பார்த்துவிட்டு மூன்றாம் ஆண்டு கைவிட்டவர்களின் கன்றுகள்தான் அதிகம் பட்டுப்போகும். அடியில் உப்பு படிந்த மண் இருந்தால் வேர் அங்கே போய் நின்றுவிடும். பத்துப் பதினைந்து ஆண்டில் உச்சி காயும். அதற்கு மருந்து இல்லை, நடுவதற்கு முன்பே தோண்டிப் பார்ப்பதுதான் வழி.

இதையெல்லாம் அவர் அறிவுரையாகச் சொல்லவில்லை, உத்தரவாகப் போட்டார். சோம்பேறி என்று கருதப்பட்ட குடியானவர் தண்டிக்கப்பட்டார், பண்ணையே கைமாறவும் இடமிருந்தது. 1843இல் பள்ளிகளும் சங்கத்தின் கீழ் வந்தன; அதைப் பற்றி எனக்குக் குறையில்லை, பள்ளிகள் உண்மையிலேயே மேம்பட்டன. ஆனால் இவரை எதிர்த்த மிகப் பெரிய சபையின் மூப்பர் யாக்கோப் வார்கென்டினை 1842இல் அரசு பதவியிலிருந்து இறக்கியது, சபை மூன்றாக உடைந்தது. படைபலத்தை நம்பாத ஒரு மக்களுக்குள் அரசின் கையை வைத்து ஒரு மூப்பரை இறக்கியது கோர்னீஸ் வாழ்க்கையில் ஆறாத காயம். ஓர் உழவராக அவரை எவ்வளவு மதித்தாலும் இதை மறைக்க மாட்டேன். அவர் ஆடு மேய்த்த புல்வெளியைச் சுற்றி நொகாய் என்ற துருக்கிய இன முஸ்லிம் இடையர்கள் வாழ்ந்ததையும் சொல்ல வேண்டும். அவர்களைப் பற்றி அக்கறையோடு எழுதினார், அக்கர்மன் என்ற மாதிரிக் கிராமம் அமைக்க உதவினார். என்றாலும் 1860இல் நொகாய் மக்கள் ஒட்டுமொத்தமாக ஒட்டோமான் பேரரசுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

இனி மரணம். 1847இல் ஆக்னஸ் இறந்தார். அடுத்த மார்ச்சில் கோர்னீஸும் போனார். அந்தச் சமூகத்தில் பொதுவாக என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன். அக்கம்பக்கத்தார் உடலைக் குளிப்பாட்டுவார்கள், ஊர்த் தச்சர் எளிய பலகைப் பெட்டி செய்வார், குளிர்ச்சியான இடத்தில் உடலை வைத்திருப்பார்கள். ஒரு கடிதம் வீடு வீடாகக் கைமாறும். அதில் குடும்பங்களின் பெயர் வரிசையாக இருக்கும், படித்தவர் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். தெரு ஒன்றே என்பதால் கடிதம் வழிதவறாது. வருகிறவர்களுக்குக் காப்பியும் ‘ட்ஸ்வீபாக்’ என்ற இரட்டை ரொட்டியும். ஒரு வீட்டு அடுப்பு இத்தனை பேருக்குப் போதாது. பிசைந்த மாவைப் பங்கிட்டு அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கொடுத்தால் அவரவர் அடுப்பில் சுட்டுத் தருவார்கள்.

இன்றைய அளவில் ஒரு கிலோ மைதாவுக்கு அரை லிட்டர் பால், 200 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக வெண்ணெய், 20 கிராம் உப்பு, ஈஸ்ட். மாவு இரட்டிப்பாக உப்பியதும் பெரிய எலுமிச்சை அளவு உருண்டை ஒன்று, அதன் தலையில் சற்றே சிறிய உருண்டை ஒன்று. கட்டைவிரலை மேல் உருண்டையின் நடுவே தட்டில் முட்டும்வரை அழுத்த வேண்டும். பாதியில் நிறுத்தினால் அடுப்பில் தலை சாய்ந்து விழும். மீந்ததை மறுபடியும் மெல்லிய சூட்டில் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. நாடு விட்டு நாடு போன பயணங்களில் இதுதான் கட்டுச்சோறு.

அடக்கம் முடிந்ததும் கணக்கு. ‘வைஸன்ஆம்ட்’ என்ற அநாதைப் பொறுப்பகம் மெனோனைட் ஊர்கள் சேர்ந்த ஒவ்வொரு காலனியிலும் இருந்தது. கணவனோ மனைவியோ இறந்தால் நிலம், கால்நடை, ஏர், பானை சட்டி, கடன் எல்லாவற்றையும் எழுதி விலை போடுவார்கள். பாதி உயிரோடிருக்கும் துணைக்கு. மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக, மகளுக்கும் மகனுக்கும் ஒரே பங்கு. 19ஆம் நூற்றாண்டுக்கு இது வியப்பான நேர்மை. சிறு பிள்ளைகளுக்குப் பாதுகாவலர் நியமிக்கப்படுவார். அவர்கள் பணத்தைப் பொறுப்பகம் ஊராருக்கு வட்டிக்கு விட்டு, வயது வந்ததும் திருப்பித் தரும். விதவையோ மனைவியை இழந்தவரோ மறுமணம் செய்ய வேண்டுமானால் முதலில் இந்தப் பங்கீடு முடிந்தாக வேண்டும்.

பழைய நிபந்தனை இங்கேதான் கடிக்கிறது. பங்கு சமம், ஆனால் 65 தெஸ்யாதினாவைப் பிரிக்கக் கூடாது. ஒரு பிள்ளை பண்ணையை எடுத்து மற்றவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும். பணம் கடனாகும்; மற்றவர்கள் நிலமற்றவர்களாவார்கள். கோர்னீஸ் இறந்து இருபது ஆண்டுக்குள் மொலோச்னா காலனியின் குடும்பங்களில் பெரும்பான்மை நிலமற்றவை. ஊர்க்கூட்டத்தில் வாக்கு பண்ணை உரிமையாளருக்கு மட்டுமே என்பதால் அவர்கள் குரல் எடுபடவில்லை; 1860களில் அரசு தலையிட்ட பிறகே பண்ணைகளைப் பிரிக்க வழி பிறந்தது. விளைச்சலைப் பெருக்கத் தெரிந்த கோர்னீஸ் இந்தச் சிக்கலைத் தீர்க்காமலே போனார்.

சங்கத்தின் தலைமை அவருடைய மருமகன் பிலிப் வீபேயிடம் வந்தது. 1870களில் ரஷ்ய மெனோனைட்டுகள் சுமார் 18,000 பேர் வட அமெரிக்காவுக்குக் கிளம்பினார்கள். 1889இல் உக்ரைன் மெனோனைட் தம்பதி ஆபிரகாம், மரியா ஃப்ரீசன் ஹைதராபாத் நிஜாமின் நாட்டுக்கு வந்து நல்கொண்டாவில் ஊழியம் தொடங்கினார்கள். தெலங்கானாவில் இன்றும் மெனோனைட் சபைகள் இருப்பதன் தொடக்கம் அது. மொலோச்னாவில் மிஞ்சியவர்களில் பலர் 1941இல் நாடுகடத்தப்பட்டார்கள், மற்றவர்கள் 1943இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படையோடு மேற்கே போனார்கள். ஓர்லோஃபின் இன்றைய பெயர் ஓர்லோவே, மெலிடோபோல் வட்டாரத்தில் இருக்கிறது. 2022இலிருந்து அந்தப் பகுதி ரஷ்யப் படையின் பிடியில் உள்ளது.